கண்ணெழுத்தும் சாப்பும்: பம்பாய்த் துணிச்சீட்டுகளின் காட்சியழகும் சேகரிப்பாளர் நோக்கும்

மும்பைத் துறைமுக இருப்புப்பாதையில் குர்லாவை ஒட்டி அமைந்துள்ள பகுதி சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்பது அப்பெயரின் பொருள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடங்களுக்கு நடுவே இது உள்ளது. 1886ஆம் ஆண்டு ஜம்ஷெட்ஜி டாடா, குர்லாவில் நலிந்துகிடந்த தரம்சி ஆலையை விலைக்கு வாங்கி அதற்குச் சுதேசி ஆலை எனப் பெயர் சூட்டினார். வங்கப் பிரிவினையை ஒட்டி 1905இல் சுதேசி இயக்கம் எழுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அச்சொல் ஓர் ஆலையின் வாயிலில் எழுதப்பட்டுவிட்டது என்பது கருதத்தக்கது. சுனாபட்டியில் பரந்துகிடந்த அவ்வாலை இருபதாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி நின்றுபோயிற்று. தறிகள் போயின, நெய்த துணிகளும் உடுத்திக் கிழிந்து மறைந்தன. ஆயினும் பம்பாய் ஆலைகளின் துணிகள்மேல் ஒட்டப்பட்ட வண்ணச் சீட்டுகள், உள்ளங்கை அளவுத் தாள்கள், சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன.

சேகரிப்பதற்கென்றே இன்று உலகெங்கும் அட்டைகள் அச்சிடப்படுகின்றன. விளையாட்டு வீரர் அட்டை, கற்பனை விலங்குகளின் அட்டை, சண்டை வீரர் அட்டை என அவற்றின் வகை பெருகியுள்ளது. ஓர் அட்டை கண்ணைக் கவர்வது எதனால் என்னும் வினாவுக்கு அரிதாக இருப்பதனால் என்றோ, ஓவியம் நன்றாக அமைந்ததனால் என்றோ விடையிறுப்பது வழக்கம். இவ்விரு விடைகளும் போதா. சேகரிப்பாளர் இன்று அழகென்று போற்றும் கூறுகளுள் பல, சேகரிப்போரை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எழுத்தறியாத வாங்குநர், கடைக்காரர், சுங்கச் சாவடியினர், நீதிமன்றம் ஆகியோரின் தேவைகளுக்காகச் செய்யப்பட்டவை. பம்பாய்த் துணிச்சீட்டுகளின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

கண்ணெழுத்து

பொதியின்மேல் குறியிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களின்மேல் புலிக்குறி இட்டமையைப் பட்டினப்பாலை கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, பண்டசாலையில் கிடந்த பொதிகள்மேல் உரியவர் பெயரும் சரக்கின் குறிப்பும் கண்ணெழுத்தால் பொறிக்கப்பட்டிருந்தமையைக் குறிக்கிறது. கண்ணெழுத்து என்னும் சொல்லாட்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. வாய்விட்டுப் படிப்பதற்கு முன்னரே கண்டு அறியப்படும் எழுத்து அது. எழுத்துக்கும் படத்துக்கும் இடைப்பட்ட அந்த நிலையிலேதான் வணிகக் குறி எக்காலத்தும் இயங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டரிலிருந்து பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களுக்கு வந்திறங்கிய துணிகளின்மேல் இக்கண்ணெழுத்து வண்ணப் படமாக உருமாறியது. வட இந்தியச் சந்தைகளில் இச்சீட்டு டிக்கெட் என்றும், டிக்கா என்றும், சாப் என்றும் வழங்கியது. சாப் என்பது முத்திரை. தமிழகத்துக் கடைத்தெருவில் அதனை மார்க்கு என்றனர். யானை மார்க்கு, கழுகு மார்க்கு, கப்பல் மார்க்கு என்று பொருளைப் பெயரிட்டுக் கேட்கும் வழக்கம் இன்றும் முதியோர் பேச்சில் உண்டு. துணி எந்த ஆலையில் நெய்யப்பட்டது, எந்த வணிக நிறுவனம் இறக்குமதி செய்தது என்பவை வாங்குநர்க்குத் தெரிய வேண்டுவதில்லை. சென்ற தீபாவளிக்கு வாங்கி நன்றாக உழைத்த துணியின்மேல் இருந்த யானை இந்தத் துணியின்மேலும் இருக்கிறதா என்பதே அவர்க்கு வேண்டுவது.

இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1889ஆம் ஆண்டின் இந்திய வணிகக் குறிகள் சட்டம் போலிக் குறிகளைத் தண்டனைக்குரியனவாக்கியது. இந்தியாவில் ஆலைகளில் நெய்யப்பட்ட துணியின் நீளத்தைக் கஜக்கணக்கில் பொறித்தலையும் அச்சட்டம் வேண்டியது. குறிகளைப் பதிவுசெய்வதற்கான தனிச் சட்டமோ 1940இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஒரு வணிகர் தம் குறி தமக்கே உரியது என மெய்ப்பிக்க, அது சந்தையில் தம் பெயரோடு அறியப்பட்டிருந்தது எனக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு குறி மற்றொன்றின் போலியா என்பதைத் தேர்ந்த வல்லுநரின் கண்கொண்டு பார்ப்பதில்லை. சாதாரண வாங்குநர் ஏமாறக்கூடுமா என்றே பார்ப்பர். ஆகவே சீட்டு வரைந்தோர் இரண்டு முரண்பட்ட கட்டளைகளுக்கு ஆட்பட்டிருந்தனர். எல்லாரும் உடனே இனங்காணும் உருவத்தை வரைய வேண்டும். அவ்வுருவத்தை வேறெவரும் வரையாத வகையிலும் வரைய வேண்டும். இலக்குமியைக் கண்டதும் இலக்குமி எனத் தெரிய வேண்டும், ஆனால் அடுத்த கடைக்காரரின் இலக்குமியாகத் தெரிந்துவிடக் கூடாது. துணிச்சீட்டுகளில் காணப்படும் வியப்பூட்டும் வேறுபாடுகள் பெரிதும் இந்நெருக்கடியில் பிறந்தவை. யானையின் தும்பிக்கையில் ஒரு கடிகாரம், புலியின்மேல் ஒரு குடை என்பன போன்ற கூட்டு உருவங்களை ஓவியரின் கட்டற்ற கற்பனை எனக் கொள்வதினும் வழக்கறிஞரின் அச்சம் எனக் கொள்வதே பொருந்தும்.

கல்லச்சும் பொன்னும்

இச்சீட்டுகளின் தோற்றத்தை அவற்றின் செய்முறையிலிருந்து பிரித்தறிய இயலாது. 1796ஐ ஒட்டி ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்ட கல்லச்சு முறை, நெய்ப்பசையும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் எளிய உண்மையின்மேல் நிற்பது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் நெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். வண்ண அச்சில் நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். எட்டு நிறப் படத்துக்கு எட்டுக் கற்கள். ஒரே தாள் எட்டு முறை அச்சேறும். ஒருமுறை தாள் இம்மியளவு நழுவினாலும் உதட்டின் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். நிறப்பொருத்தம் எனப்படும் இத்துல்லியமே ஒரு சீட்டின் தரத்தை முதலில் காட்டுவது. இன்றைய சேகரிப்பாளரும் உருப்பெருக்கிக் கண்ணாடியை முதலில் உதட்டின்மீதும் கண்ணின்மீதும் வைக்கிறார்.

நிறங்களை நிழலோட்டமாகக் காட்டக் கல்லின்மேல் நுண்புள்ளிகள் இடப்பட்டன. அருகில் புள்ளிக் கூட்டமாகவும், ஒரு முழத் தொலைவில் குழைந்த தசையாகவும் தோன்றும் அந்நுட்பம், பிற்காலத்துப் புகைப்பட அச்சின் ஒழுங்கான புள்ளிக் கட்டத்தினின்றும் முற்றிலும் வேறுபட்டது. கைப்புள்ளியில் ஒழுங்கின்மை உண்டு; அவ்வொழுங்கின்மையே உருவத்துக்கு உயிர்ப்புத் தருகிறது. பழைய சீட்டையும் அதன் பிற்கால மறுபதிப்பையும் அருகருகே வைத்தால், பயிற்சியில்லாதவரும் எது உயிருள்ளது எனச் சொல்லிவிடுவர். காரணம் கேட்டால்தான் தடுமாறுவர்.

அடுத்தது பொன்னிறம். சீட்டில் ஒளிர்வது பொன் அன்று. பிசுபிசுப்பான மையின்மேல் தூவப்பட்ட வெண்கலப் பொடி. சில சீட்டுகளில் ஓரம் புடைப்பச்சால் உயர்த்தப்பட்டிருக்கும். சில மேலே வார்னிசு பூசப்பட்டவை. மங்கிய விளக்கொளியில், உயர்ந்த அலமாரியில் அடுக்கப்பட்டிருந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே கண்ணை நிறுத்துவதற்கு அப்பொடி உதவியது. துணி வெளுப்பு என்பதனைத் துணிச்சீட்டை ஆராய்வோர் சிலநேரம் மறந்துவிடுகின்றனர். இச்சீட்டுகள் எந்நாளும் தனித்து நின்றதில்லை. கோராத் துணியின் மங்கல் நிறமோ வெளுத்த மல்லின் வெண்மையோதான் அவற்றின் சட்டகம். ஆழ்ந்த சிவப்பும் மயில்நீலமும் பொன்னும் இத்துணை அழுத்தமாக இடப்பட்டதற்கு அதுவே ஏது. இன்று கறுப்புத் தாளில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டமிட்டுக் காட்டப்படும் சீட்டு ஓரளவு மிகையாகத் தோன்றுவதும் அதனால்தான்.

தமிழர்க்குப் பொன்னொளிரும் படம் பழக்கப்பட்டதே. தஞ்சை ஓவியத்தில் சுண்ணாம்புக் கலவையால் உயர்த்திய பரப்பின்மேல் பொற்றகடு ஒட்டி, கண்ணாடிக் கற்கள் பதித்தனர். கற்பூர ஒளியில் அசையும் அப்பொன் படத்தின் உருவத்தை நிலைநிறுத்துவதோடு பார்ப்பவரின் தலையசைவுக்கேற்ப விடையளிக்கவும் செய்கிறது. 1990களின் இறுதியில் உலகெங்கும் பரவிய ஜப்பானிய போக்கிமான் அட்டைகளில் மிகவும் விரும்பப்பட்டவை மினுமினுக்கும் தகட்டுப் பரப்புடையவை. அட்டையைச் சற்றே சாய்த்தால் ஒளி ஓடும். தாளில் உள்ள படம் பார்ப்பவரின் கையசைவுக்கு ஈடுகொடுக்கும்போது அது வெறும் படமாக நிற்பதில்லை. பொருளொன்று கைவசப்பட்டது என்னும் உணர்வு அங்கே பிறக்கிறது. தஞ்சை ஓவியர்க்கும் பம்பாய் அச்சகத்தார்க்கும் தோக்கியோ நிறுவனத்தார்க்கும் இதில் வேறுபாடில்லை.

முகம் நோக்கி நிற்றல்

துணிச்சீட்டுகளின் உருவங்களில் பெரும்பாலானவை பார்ப்பவரை நேர்முகமாக நோக்குவன. நடுவில் ஒற்றை உருவம், சுற்றிலும் கனத்த கரை, மேலும் கீழும் நிறுவனப் பெயர், மூலைகளில் எண். கடைப்பலகைக்கு அப்பாலிருந்து ஒரு நொடியில் அறியப்பட வேண்டிய பொருளுக்கு இதனினும் சிறந்த அமைப்பு இல்லை. கோயிலில் காட்சிதரும் மூலவரின் நிலையும் இதுவே என்பதால், தெய்வ உருவங்கள் சீட்டுக்கு எளிதில் பொருந்தின. சீட்டைக் கிழித்தெறிய மனமின்றிச் சுவரில் ஒட்டி வழிபட்டோரும் உண்டு. ஆலை முதலாளிகள் இதனை அறிந்தே தெய்வங்களை நாடினர் எனலாம். துணி தீர்ந்த பின்னும் விளம்பரம் பூசையறையில் நின்றது.

இவ்வுருவங்களுக்கு ஒரு பொதுமுகம் தந்தது இரவிவர்மாவின் அச்சகம். தஞ்சை மராத்தியர் மரபில் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா அரசுகளில் திவானாகப் பணியாற்றிய டி. மாதவராவ், இரவிவர்மாவின் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி நெய்வண்ண அச்சுப்படிகளாக்குமாறு 1884இல் மடல்வழி அறிவுறுத்தினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1894இல் பம்பாயிலேயே அச்சகம் நிறுவப்பட்டது. சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் அதன் முதல் வெளியீடு. சுனாபட்டிக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள காட்கோபரில் சிலகாலம் இயங்கி, 1899இல் லோனாவாலாவை அடுத்த மளவலிக்கு இடம்பெயர்ந்தது. அங்குப் பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை விலைக்கு வாங்கினார். பெரிய சுவர்ப்படங்களோடு அஞ்சலட்டைகளும் வணிகச் சீட்டுகளும் அங்கே அச்சாயின. 1972இல் ஏற்பட்ட தீயில் அச்சகம் அழிந்தது.

அவ்வச்சகத்தின் இலக்குமியும் சரசுவதியும் பெற்ற வரவேற்பைப் பற்றி ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். படம் அச்சாகி வெளிவந்த பின்னர் வாங்கியோர் அதன்மேல் செய்த வேலையை அத்துணை பேர் எழுதவில்லை. சரிகை, மணி, சம்கி, பட்டுத் துணித்துண்டு ஆகியவற்றை அச்சுப்படத்தின்மேல் ஒட்டி, இலக்குமிக்குப் புடைவை உடுத்தி அணிகலன் பூட்டினர் இல்லத்துப் பெண்கள். ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் அச்சான படம் ஒவ்வொரு வீட்டிலும் தனிப் படமாயிற்று. இச்செயலைச் சேகரிப்பின் வரலாற்றில் வைத்து எண்ண வேண்டும். அச்சுப்பொருளைப் பிறிதொன்றோடு மாற்ற முடியாத தனிப்பொருளாக்கும் விருப்பமே சேகரிப்பின் வேர். இன்றைய அட்டை நிறுவனங்கள் வரிசை எண்ணிட்டும், வீரரின் கையொப்பமிட்டும், அவர் அணிந்த உடையின் சிறு துண்டை அட்டையில் பதித்தும் அவ்விருப்பத்தை விலைக்கு விற்கின்றன. அன்று அது இல்லத்தில் ஊசிநூலால் நிறைவேறியது.

படத்தைக் கண்டு இனங்காணும் இன்பமும் பழையதே. பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்துக்கு வந்தோர், இவர் யாவர் என வினவ, காமனும் இரதியும் என்றும், இந்திரனும் அகலிகையும் கௌதமனும் என்றும் உடன்வந்தோர் விளக்குகின்றனர். படத்தின்முன் வினாவும் விடையுமாக நிற்கும் அக்காட்சி, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இது யார் எனக் கேட்கும் சிறுவர் இருவரின் காட்சியினின்றும் வேறன்று. அறிந்ததை மீண்டும் அறிதலிலும், அறியாததைத் தோழனுக்கு முன் அறிந்துகொள்வதிலும் ஒரு பெருமிதம் உண்டு. மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்கிறது. காண்போர் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதற்கு நச்சினார்க்கினியர் காட்டும் பொருள். கடைப்பலகைக்கு இப்பாலுள்ளவர் கண்ணில் யானையை நிறுத்திய பெயரறியாச் சீட்டோவியர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை.

நிரல் என்னும் அழகு

ஒற்றைப் படத்தில் இல்லாத ஓரழகு நிரலில் உண்டு. கொங்கணத்துச் சாவந்தவாடியில் செய்யப்பட்டுவந்த தசாவதாரக் கஞ்சிஃபா ஆட்டச்சீட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. பத்து அவதாரத்துக்குப் பத்து நிரல், நிரலுக்குப் பன்னிரண்டு சீட்டு, மொத்தம் 120. வட்ட வடிவத் தாள்களின்மேல் புளியங்கொட்டைப் பசை பூசி, வண்ணம் தீட்டி, அரக்கு மெருகேற்றினர். மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமனுக்கு மழு என ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சின்னமும், அந்நிரல் முழுமைக்கும் ஒரே பின்னணி நிறமும் உண்டு. எண் சீட்டில் உள்ள மூன்று மீன்கள் தம்மளவில் பெரிய ஓவியம் அல்ல. பன்னிரண்டையும் விசிறியாக விரிக்கும்போதோ அவை ஒன்றையொன்று அழைக்கின்றன. ஒன்று குறைந்தால் அவ்விடம் கண்ணை உறுத்துகிறது. காட்சியழகின் பெரும்பகுதி இவ்வெதிர்பார்ப்பில்தான் அமைகிறது. யாப்பில் எதுகையை எதிர்நோக்கும் செவியின் நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

புகையிலை நிறுவனங்கள் இதனை நன்கு பயன்படுத்தின. சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைக்கப்பட்ட வெற்று அட்டையின்மேல் 1870கள், 1880களில் அமெரிக்காவிலும் பின்னர் இங்கிலாந்திலும் படம் அச்சிடலாயினர். நடிகையர், வீரர், கப்பல், பறவை, கொடி என 25 அல்லது 50 அட்டை கொண்ட நிரல்கள் வந்தன. ஓர் அட்டையில் எண் 17 என்றிருப்பதே மீதி 49 எங்கே என்னும் வினாவை எழுப்பிவிடும். அட்டையின் பின்புறத்தில் நாலைந்து வரிச் செய்தி. ஒரு தலைமுறைச் சிறுவர்க்கு அது கலைக்களஞ்சியமாகவும் இருந்தது.

தமிழகத்தில் இப்பணியைச் செய்தது தீப்பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து பெருமளவில் இறக்குமதியான தீப்பெட்டிகளின்மேல், பம்பாய் வணிகரான ஏ. எம். ஈசாபாய் போன்றோரின் பெயரோடு இந்தியத் தெய்வங்களும் அரசர்களும் ஜப்பானிய அச்சில் வந்தனர். முருகனின் கண்கள் சற்றே கிழக்காசியச் சாயலில் அமைந்த சீட்டுகளை இன்று சேகரிப்பாளர் தேடித் திரிகின்றனர். 1923இல் சுவீடிய முதலீட்டில் விம்கோ நிறுவனம் பம்பாயை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதே காலத்தில் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். சீட்டு அச்சிடும் தேவையே சிவகாசியை அச்சு நகரமாக்கியது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898-1976) அவர்தம் மாணாக்கரும் நாடகத் திரை வரைந்த கையால் நாட்காட்டி ஓவியம் வரைய, அம்முகங்கள் சிவகாசி அச்சின் வழியே வீடுதோறும் சென்றன.

தெருவில் கிடந்த பெட்டியைக் கிழித்துப் படம் சேர்த்த தமிழகச் சிறுவர்கள், அவற்றுக்குத் தாமே மதிப்பெண் வகுத்துப் பந்தயம் வைத்து ஆடினர். உள்ளூரில் மலிந்த படத்துக்கு மதிப்புக் குறைவு. வெளியூரிலிருந்து வந்த படத்துக்கு நூறு மடங்கு. விலைப்பட்டியல் எதுவும் அவர்களிடம் இல்லை. ஆயினும் அரிதாதல் ஒன்றே அவர்களுக்கு அளவுகோலாக இருந்ததாகவும் கொள்ள இயலாது. சிறுத்தையோடு ஒருவன் பொருதும் படமுடைய பெட்டி எங்கும் மலிந்திருந்தும் விரும்பப்பட்டது. அசைவும் அச்சமும் நிறைந்த அப்படத்தைத் தருவதற்குச் சிறுவர் எளிதில் உடன்படார்.

விலையும் தோற்றமும் வேறு வேறு என்பதற்கு உலகச் சான்றுகளும் உள. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் நிரலில் ஹோனஸ் வாக்னர் அட்டை மிகக் குறைந்த படிகளே வெளிவந்தது. ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஓர் ஆடவரின் தலையும் தோளும், அவ்வளவே. அழகில் அந்நிரலின் பிற அட்டைகளுக்கு அது மேற்பட்டதன்று. 2021இல் ஒரு படி 66 இலட்சம் டாலருக்கு விலைபோனது. 1952ஆம் ஆண்டின் டாப்ஸ் நிறுவன மிக்கி மேண்டில் அட்டையோ 2022இல் 126 இலட்சம் டாலர் பெற்றது. இவ்விலைகள் படத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. அல்லது படத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் கூறுகின்றன.

தூய்மை என்னும் இழப்பு

1991இல் அமெரிக்காவில் அட்டைகளைத் தரப்படுத்தும் நிறுவனம் ஒன்று தோன்றியது. நான்கு மூலை, நான்கு விளிம்பு, பரப்பு, படம் தாளின் நடுவே அமைந்த பாங்கு ஆகியவற்றை ஆராய்ந்து 1 முதல் 10 வரை தரமிட்டு, அட்டையைக் கெட்டியான நெகிழி உறைக்குள் இட்டு மூடிவிடும் முறை அதனோடு பரவியது. இதனால் சேகரிப்பாளரின் கண் மாறியது. படத்தை நோக்கிய கண் ஓரத்தை நோக்கலாயிற்று. யாரும் தொடாத அட்டையே சிறந்த அட்டை என்னும் கருத்து நிலைபெற்றது. உறைக்குள் இருப்பதனைச் சாய்த்துப் பார்க்கலாம். விரலால் உணர முடியாது.

இக்கருத்து துணிச்சீட்டு, தீப்பெட்டிச் சீட்டு ஆகியவற்றின் சந்தைக்குள்ளும் புகுந்துள்ளது என்பதே தமிழ் ஆய்வாளர் கவலைகொள்ள வேண்டிய செய்தி. துணியின்மேல் ஒட்டப்பட்டுக் கடைக்குச் சென்று கிழித்தெடுக்கப்பட்ட சீட்டில் பசைக் கறை இருக்கும். பின்புறம் துணியின் இழை பதிந்திருக்கும். சிலவற்றில் கடைக்காரர் கைப்பட எழுதிய விலைக்குறிப்பும் காணக்கூடும். இவற்றுக்கு விலை குறைவு. அச்சகக் கிடங்கில் விற்காது தேங்கிப் புத்தம்புதிதாகக் கிடைத்த சீட்டுக்கே விலை மிகுதி. ஆய்வாளர்க்கோ நிலை தலைகீழ். இழை பதிந்த சீட்டு, அது எவ்வகைத் துணியின்மேல் இருந்தது எனச் சொல்கிறது. விலைக்குறிப்பின் எழுத்துவடிவமும் அணா பைசா வழக்கும் காலத்தைச் சொல்கின்றன. புதுச்சீட்டு ஓர் ஆலையின் விருப்பத்தை மட்டும் காட்டும். பழைய சீட்டு அத்துணி சென்ற வழியைக் காட்டும். பசைக்கறையை வெந்நீரில் ஊறவைத்து நீக்கித் தூய்மை செய்யும் வழக்கம் இச்சான்றுகளை நாள்தோறும் அழித்துவருகிறது.

மற்றோர் இழப்பும் உண்டு. படத்தை மட்டும் காட்டும்பொருட்டுக் கரையை வெட்டிவிடுவதும், மின்படியாக்குகையில் விளிம்பைத் தவிர்ப்பதும் பெருகியுள்ளன. அச்சகத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலும் கீழ்விளிம்பில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் உள்ளவை. அவ்வரி போய்விட்டால் சீட்டு ஜெர்மனியில் அச்சானதா, மான்செஸ்டரிலா, பம்பாயிலா, சிவகாசியிலா என்பதனை ஊகத்தால் மட்டுமே கூற முடியும். பல மொழி பேசும் சந்தைக்கெனப் பல எழுத்துகளில் அச்சிட்ட சீட்டுகளில் எந்தெந்த எழுத்து இடம்பெற்றது, எது மேலே, எது கீழே என்பதும் கரையிலேயே அமைகிறது. தமிழறியாத அச்சுக்கோப்பாளர் வெளிநாட்டில் தமிழெழுத்தைப் பார்த்து வரைந்தால் சுழியும் கொம்பும் இடம்மாறும். அப்பிழைகள் தமிழ் அச்சு வரலாற்றுக்கு உரிய சான்றுகள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, னை வடிவங்கள் வணிகச் சீட்டுகளில் எக்காலம்வரை நீடித்தன என்னும் வினாவுக்கு நூல்களினும் இச்சீட்டுகளே நேரிய விடை தரவல்லவை.

இத்தகைய சிறுதாள்களைக் காத்தவர் பல்கலைக்கழகத்தார் அல்லர். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழிலிலிருந்து வந்தவர். நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தவர். தெருப்பலகையில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் நாளும் எண்ணிய ஒருவர்க்குத் துண்டுத்தாள் குப்பையாகத் தோன்றாதது இயல்பே. அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அச்சேகரிப்பு நிலைத்தமைக்கு அதன் அழகன்று காரணம், அதன் முழுமையே.

பம்பாயில் நிலை வேறு. 1982 சனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஆலை நிலம் பேரங்களுக்கு உட்பட்டது. இயந்திரம் இரும்பாகப் போயிற்று. அலுவலகங்களில் இருந்த சீட்டு மாதிரிப் புத்தகங்கள், அதாவது ஆண்டுதோறும் எந்தத் துணிக்கு எந்தச் சீட்டு என ஒட்டிவைத்த கணக்குகள், எடைக்குச் சென்றால் தாளாகவும் சேகரிப்பாளரிடம் சென்றால் தனித்தனிச் சீட்டாகவும் ஆகிவிடுகின்றன. மாதிரிப் புத்தகத்தில் ஒரு சீட்டின் அருகே துணியின் எண், கஜம், அனுப்பிய சந்தை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். பக்கத்தைப் பிரித்துச் சீட்டை மட்டும் எடுக்கும்போது நிறம் தப்பிவிடுகிறது. அது மதுரைக்குச் சென்றதா, மசூலிப்பட்டினத்துக்குச் சென்றதா என்பது பக்கத்தோடு போய்விடுகிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சுனாபட்டியிலும் உள்ள பழைய தமிழ்க் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில், புடைவை மடிப்புக்கு இடையே கிடக்கக்கூடிய சீட்டுகளைப் பின்புறமும் விளிம்பும் சேர்த்துப் படியெடுத்து, எத்துணியோடு வந்தது என்னும் இல்லத்தார் கூற்றையும் உடன் பதிவுசெய்வது இன்று செய்யத்தக்க பணி.